இருக்கைக்குப் பின்னால் நிற்பவன்

ஸ்காட்லாந்து மலைநாட்டில், லாக் நெஸ் ஏரியின் தென்முனையில் கில்லிகுய்மன் என்றோர் ஊர். பிற்பாடு கோட்டை கட்டி ஃபோர்ட் அகஸ்டஸ் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு குலத்தலைவரும் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் வேறு சில மலைநாட்டுப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். விஸ்கி உள்ளே போகப் போகத் தலைவருக்கும் அதிகாரிக்கும் வாக்குவாதம் முற்றியது. தலைவரின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பையன் நின்றிருந்தான். அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. குரல் உயர்ந்ததைக் கேட்டான். தன் தலைவரை அவமதிக்கிறார்கள் என்று தானாகவே முடிவு கட்டினான். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியை உருவி, அதிகாரியின் தலைக்கு நேராக நீட்டி விசையை இழுத்தான். துப்பாக்கி வெடிக்கவில்லை. அதிகாரி பிழைத்தார்.

இதை எழுதி வைத்தவர் எட்மண்ட் பர்ட். ஜெனரல் வேட் மலைநாட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இன்வர்னஸில் இருந்த ஆங்கிலேயர். அவர் லண்டன் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் 1754இல் புத்தகமாயின. வாக்குவாதம் எதைப் பற்றி என்று பர்ட் சொல்லவில்லை. பையனுக்கும் அது தேவைப்படவில்லை. அந்தப் பையன் வகித்த பதவியின் பெயரை மட்டும் பர்ட் குறித்திருக்கிறார்: ஹென்ச்மேன்.

இன்று இந்தச் சொல்லை ஆங்கில நாளிதழில் பார்த்தால் அடியாள் என்று புரிந்துகொள்கிறோம். ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனுக்காக முதலில் சண்டை போட்டு முதலில் சாகிறவன். சர்வாதிகாரியின் கையாள். கந்துவட்டிக்காரன் வசூலுக்கு அனுப்பும் ஆள். ஆதரவாளர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் புழங்கும் சொற்களில் இதைப் போல் மேலிருந்து கீழே விழுந்த சொல் குறைவு. விழுந்த தூரத்தை அளக்க, அது எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

பர்ட் ஒரு விளக்கம் தருகிறார். இவன் ஒருவகைச் செயலர். எந்த நேரத்திலும் எஜமானுக்காக உயிரைப் பணயம் வைக்கக் காத்திருப்பவன். குடிக்கும் இடத்தில் எஜமானின் பின்னிடுப்பை ஒட்டி நின்று, யாராவது மரியாதைக் குறைவாகப் பேசுகிறார்களா என்று கவனிப்பவன். ஆங்கிலத்தில் பின்னிடுப்புக்கு ஹான்ச் என்று பெயர், ஆகவே ஹான்ச்மேன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பிழை. சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டும் வேர் ஹெங்கெஸ்ட், பழைய ஆங்கிலத்தில் ஆண்குதிரை. பிரிட்டனுக்கு முதலில் வந்திறங்கியதாகக் கதை சொல்லும் சாக்சன் சகோதரர்கள் ஹெங்கிஸ்ட், ஹோர்சா இருவர் பெயருமே குதிரைதான். ஜெர்மனில் இன்றும் ஹெங்ஸ்ட் என்றால் ஆண்குதிரை. ஆக ஹென்ச்மேன் முதலில் குதிரைக்காரன்.

குதிரை லாயத்திலிருந்து கிளம்பிய சொற்களுக்கு ஐரோப்பாவில் விசித்திரமான தலையெழுத்து. மார்ஷல் என்பதும் பழைய ஜெர்மானிய மொழியில் குதிரைப் பணியாள்தான். அவன் படைத்தளபதியாகி, ஃபீல்டு மார்ஷலாகி, நம் சட்டமன்றத்தில் அமளி செய்யும் உறுப்பினரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடும் அவைக்காவலர் வரை வந்து சேர்ந்தான். கான்ஸ்டபிள் லத்தீனில் லாயத்துக்கு அதிகாரி. ஃபிரான்ஸில் மன்னனுக்கு அடுத்த படைத்தலைவனாக இருந்தவன், இப்போது தெருமுனையில் வண்டிகளை நிறுத்தி லைசென்ஸ் கேட்கிறான். மூன்றாமவன் ஹென்ச்மேன். மார்ஷலும் கான்ஸ்டபிளும் சீருடை மாட்டிக்கொண்டு அரசாங்கத்துக்குள் போய்விட்டார்கள். இவன் ஒரு மனிதனுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டான். வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஹென்ச்மேன் என்றால் இங்கிலாந்து அரசவையில் நல்ல குடும்பத்துப் பையன். மன்னன் ஊர்வலம் போகும்போது குதிரையோடு பக்கத்தில் செல்பவன். நான்காம் எட்வர்டின் அரண்மனை ஒழுங்குகளைச் சொல்லும் கறுப்புப் புத்தகத்தில் இந்தப் பையன்களுக்கென்று ஒரு தலைமை ஆசிரியரே இருக்கிறார். அவர் கற்றுத்தர வேண்டியவற்றைப் பார்த்தால் நமக்கே பிள்ளையை அங்கே சேர்க்கத் தோன்றும்: குதிரையேற்றம், ஆயுதப் பயிற்சி, மொழிகள், யாழும் குழலும், பாட்டு, நடனம், சாப்பாட்டு மேசையில் நடந்துகொள்ளும் முறை. தினமும் அவர்களோடு உட்கார்ந்து, எப்படிச் சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று அந்த ஆசிரியர் கவனிக்க வேண்டும். யாழ் வாசிக்கத் தெரிந்த அடியாள்!

1565இல் முதலாம் எலிசபெத் இந்தப் பதவியைக் கலைத்துவிட்டாள். ஏன் என்று அரண்மனையில் சிலர் வியந்ததாக அந்த ஆண்டு எழுதப்பட்ட கடிதம் ஒன்று சொல்கிறது. இதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, அதே எலிசபெத்தின் ஆட்சியில், ஷேக்ஸ்பியர் வழக்கொழிந்துகொண்டிருந்த அந்தச் சொல்லை எடுத்து ஒரு தேவதை அரசனின் வாயில் வைத்தார்.

‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் தேவதை அரசன் ஓபரானுக்கும் அவன் அரசி டைட்டானியாவுக்கும் சண்டை. காட்டில் பருவம் தப்பி மழை கொட்டுகிறது, பயிர் அழுகுகிறது, எல்லாம் இந்தச் சண்டையால். காரணம் ஒரு சிறுவன். அவன் இந்தியச் சிறுவன். அவனைத் தன் ஹென்ச்மேனாக வைத்துக்கொள்ள ஓபரானுக்கு ஆசை. டைட்டானியா தரமாட்டேன் என்கிறாள். அவனுடைய தாய் டைட்டானியாவை வழிபட்டவள். வாசனைத் திரவியம் மணக்கும் இந்திய இரவில் இருவரும் கடற்கரை மணலில் உட்கார்ந்து, காற்றில் வயிறு புடைத்துப் போகும் வணிகக் கப்பல்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். பிரசவத்தில் அவள் இறந்துபோக, அவளுக்காகப் பிள்ளையை டைட்டானியா வளர்க்கிறாள்.

தாயைக் குறிக்க ஷேக்ஸ்பியர் போடும் சொல்லும் ஒரு தெய்வத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த பெண் என்று பொருள் தருவது. பழந்தமிழில் அதற்குச் சரியான சொல் அடியாள், அடியானுக்குப் பெண்பால். அடியாளின் மகன் அடியாளாகப் போகிறான். இந்தச் சிலேடை தமிழில் மட்டும் கிடைக்கிறது. நாடகம் அச்சேறிய 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசியின் சாசனம் கிடைத்தது. இதில் சதி எதையும் நான் தேடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆங்கில இலக்கியத்தின் புகழ்பெற்ற ஹென்ச்மேனுக்கு நாடகம் முழுவதும் ஒரு வசனம்கூட இல்லை. மூலப்பிரதியின்படி அவன் மேடைக்கு வரவேண்டிய தேவையும் இல்லை. கடைசியில் ஓபரான் அவனை அடைந்துவிடுகிறான். உனக்கு யாரோடு போக விருப்பம் என்று பையனைக் கேட்பதற்கு நாடகத்தில் ஆளில்லை.

ஆங்கிலேயர் மறந்த சொல்லை மலைநாடு வைத்திருந்தது. அங்கே குலத்தலைவன் வெளியே கிளம்பினால் கூடவே ஒரு பரிவாரம் போகும். அதற்கு வால் என்றே பெயர். பர்ட் அதை வரிசைப்படுத்துகிறார். பின்னாளில் வால்டர் ஸ்காட்டும் 1814இல் வந்த ‘வேவர்லி’ நாவலில் அதைத் திருப்பிச் சொல்கிறார். ஹென்ச்மேன், பாணன், தலைவனின் சார்பாகப் பேசுகிறவன், வாள் சுமப்பவன், ஓடையைக் கடக்கும்போது தலைவனை முதுகில் தூக்கிப்போகிறவன், கரடுமுரடான பாதையில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நடப்பவன், மூட்டை தூக்குபவன், பைக்குழல் ஊதுபவன், ஊதுபவனுக்குக் குழலைத் தூக்கிவரும் எடுபிடி. எடுபிடிக்கும் ஓர் எடுபிடி இருக்கும் இந்தக் கடைசி இடம் எனக்கு மிகவும் பிடித்தது. இடைத்தேர்தல் சமயத்தில் ஒரு மாவட்டச் செயலாளர் காரை விட்டு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஸ்காட் எழுதியதால் ஹென்ச்மேனுக்கு மறுபிறப்பு கிடைத்தது. 1810இல் வந்த அவருடைய ‘ஏரியின் சீமாட்டி’ என்ற நெடுங்கவிதையில் தலைவனின் ஹென்ச்மேன் மாலிஸ் போருக்கு ஆள் திரட்டும் சிலுவையை ஏந்திக்கொண்டு ஓடுகிறான். வீரமும் விசுவாசமும் கலந்த உருவம். ஸ்காட்டின் புத்தகங்களை அமெரிக்கா அள்ளிக் குடித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் உள்நாட்டுப் போருக்குப் போனதற்கே ஸ்காட் எழுதிய நாவல்கள்தான் பெரும் காரணம் என்று மார்க் ட்வெய்ன் பாதி விளையாட்டாகவும் பாதி வினையாகவும் எழுதினார். அந்த அமெரிக்காவில்தான் சொல் கவிழ்ந்தது. நேர்மையைப் பற்றிக் கவலைப்படாமல் அரசியல் தலைவன் சொன்னதைச் செய்கிறவன் என்ற பொருளுக்கு அகராதிகள் காட்டும் முதல் பதிவு 1839. ஸ்காட்டைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த பொருள் என்று சொல்வார்கள். எனக்கு அது முழுதும் ஏற்புடையதாக இல்லை. வாசகர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். தேர்தலும் வாக்குச்சீட்டும் உள்ள ஊரில் மாலிஸ் என்ன வேலை செய்வான் என்று யோசித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தமிழிலும் இதே சரிவு உண்டு, இன்னும் செங்குத்தாக. அடி என்ற சொல்லைச் சுற்றியே பாருங்கள். அடியார் என்றால் நாயன்மார். தொண்டரடிப்பொடி என்று ஓர் ஆழ்வார் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். திருமாலின் அடிப்பொடிகூட அல்ல, தொண்டர்களின் அடிப்பொடி. காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகம் கண்ட சா. கணேசன் கம்பனடிப்பொடி என்ற பெயரைப் பெருமையோடு சுமந்தார். கம்பன் யாருக்கும் வாரியத் தலைவர் பதவி தரப்போவதில்லை என்பதால் அந்தப் பெயரில் கறை படியவில்லை. இன்று ஓர் அமைச்சரின் பெயரோடு அடிப்பொடி என்று சேர்த்தால் அது வசை. பள்ளிகொண்ட பெருமாளின் காலடியில் உட்கார்ந்து திருமகள் செய்வது அடி வருடல். இடதுசாரித் துண்டறிக்கையில் அடிவருடி என்றால் ஏகாதிபத்தியத்தின் ஏவலாள். அடியாள் என்ற சொல்லிலோ பணிவின் அடி போய் உதையின் அடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சொற்களில் எதையும் இன்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை. ‘தலைவருக்கு நாங்க உயிரையே கொடுப்போம்ணே’ என்று மேடைக்குக் கீழே நின்று சொல்கிறவர் தன்னைத் தொண்டன் என்பார். மறுநாள் அவர் எதிர்க்கட்சிக் கொடிக்கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் பிடிபட்டால் அவருடைய கட்சி நாளிதழ் ஆதரவாளர் என்று எழுதும்; எதிர்க்கட்சி நாளிதழ் அடியாள் என்று எழுதும்; தலைவர் நிருபர்களிடம் ‘அவர் யாருன்னே எனக்குத் தெரியாது’ என்பார். மனிதர் ஒருவர்தான், கொடிக்கம்பமும் ஒன்றுதான். ஹென்ச்மேன் என்பதும் அப்படிப் பிறர் வாயில் மட்டும் வாழும் சொல். அரசவைப் பையன்கள் அந்தப் பெயரை விரும்பிச் சுமந்த காலம் எப்போதோ போயிற்று.

திரும்பவும் பர்ட்டின் பையனிடம் வருகிறேன். அந்தப் பையனை அவர் புழுப்பூச்சியைச் சொல்வது போலத் திட்டுகிறார். மலைநாட்டாரோடு குடிக்க உட்கார்ந்தால், எதைப் பற்றிப் பேசினாலும் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு வேலைக்காரன் நிற்பது ஆங்கிலேயனுக்குப் பெரிய சங்கடம் என்றும் புலம்புகிறார். ஆங்கிலம் தெரியாதது பையனின் குறை என்று அவர் நினைப்பது தெரிகிறது. எனக்கு அது அவனுடைய தகுதி என்று தோன்றுகிறது. விவாதம் புரிந்திருந்தால், அதிகாரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று ஒரு கணம் அவன் தயங்கியிருக்கலாம். இந்த வேலைக்குக் குரலின் ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதும். சொல்லின் பொருள் தெரிந்தால் தொல்லை.

பொருள் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் மலைநாட்டிலேயே சான்று இருக்கிறது.

கின்டெயில் பகுதியில் மெக்ரே என்றொரு குலம். மெக்கன்சி குலத்தலைவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மெய்க்காவல் செய்தவர்கள். மெக்கன்சியின் இரும்புச் சட்டை என்று அவர்களுக்குப் பெயர். ஒரு குலம் முழுவதுமே ஹென்ச்மேன். 1746இல் கலோடன் போரில் ஸ்டுவர்ட் இளவரசனின் மலைநாட்டுப் படை தோற்றது. அடுத்து வந்த சட்டங்கள் ஆயுதத்தைப் பறித்தன. குலத்தலைவர்கள் பரம்பரையாக நடத்திவந்த நீதிமன்றங்களை ஒழித்தன. வாலை நறுக்கியாயிற்று. மிச்சமிருந்த விசுவாசத்தை என்ன செய்வது? பிரிட்டிஷ் ராணுவம் அதை ரெஜிமென்ட்டுகளாக மாற்றிக்கொண்டது. 1778இல் மெக்கன்சிகளின் தலைவரான சீஃபோர்த் பிரபு 78ஆம் மலைநாட்டுப் படையைத் திரட்டினார். அதில் மெக்ரேக்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள்.

படை எடின்பரோவுக்கு வந்தது. செப்டம்பரில் லீத் துறைமுகத்தில் கப்பலேறச் சொன்னார்கள். சம்பள பாக்கி இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு வதந்தி இருந்தது: தலைவர் நம்மைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். இரும்புச் சட்டையை விற்கலாம், ஆளை விற்கலாமா? நூற்றுக்கணக்கானவர்கள் அணியிலிருந்து விலகி, கம்புகளில் தங்கள் கட்டம்போட்ட போர்வையைக் கொடியாகக் கட்டி, பைக்குழல் ஊதிக்கொண்டு, நகரத்தை ஒட்டிய ஆர்தர்ஸ் சீட் குன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஊர்மக்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில நாள் இழுபறிக்குப் பிறகு நிபந்தனைகளுக்கு அரசுத் தரப்பு இணங்கியது: எல்லோருக்கும் மன்னிப்பு, பாக்கிச் சம்பளம், இந்தியாவுக்கு அனுப்பமாட்டோம் என்ற உறுதி. குன்றிலிருந்து இறங்கி, குர்ன்சி, ஜெர்சி தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். காட்டு மெக்ரேக்களின் விவகாரம் என்று வரலாற்றில் இதற்குப் பெயர். தலைவனை எதிர்த்துப் பேசியதும் பெயருக்கு முன்னால் காடு வந்து ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாண்டு கழிந்தது. 1781இல் அதே படை இந்தியாவுக்குக் கப்பலேறியது. சீஃபோர்த் பிரபுவும் கூடவே வந்தார்; அவர் வந்ததால்தான் அவர்களும் வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆகஸ்டில், செயின்ட் ஹெலினா தீவை அடையும் முன்பே, அவர் கப்பலில் இறந்தார். அதன்பிறகு ஸ்கர்வி நோய் 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. 1782 ஏப்ரலில் மெட்ராஸில் இறங்கியபோது, ஆயுதம் தூக்கும் உடல்நிலையில் பாதிப்பேர்கூட இல்லை. ஹைதர் அலியோடு போர் நடந்துகொண்டிருந்ததால் ஓய்வெடுக்கவும் விடவில்லை. தளபதி அயர் கூட்டின் படையோடு சேரச் செங்கல்பட்டுக்கு நடக்கவைத்தார்கள். சித்திரை, வைகாசி வெயிலில், கம்பளி உடுப்போடு.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் வேளைக்காரர். சோழர் காலத்து மெய்க்காவல் படையினர். உயிர்கொடுக்கும் வேளை வந்தால் தவறாதவர் என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடமும் அவர்கள் இருந்தார்கள். சாளுக்கியருக்கு அவன் அனுப்பிய தூதர்களைச் சோழர்கள் மூக்கையும் காதையும் அறுத்துத் திருப்பியனுப்ப, 1080களில் அவன் சோழர்மீது படையெடுக்க ஆணையிட்டான். வேளைக்காரர் மறுத்துக் கலகம் செய்தார்கள். தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனைக்குத் தீ வைத்தார்கள், மன்னன் தலைநகரை விட்டு ஓடினான் என்கிறது இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம். பிறகு திரும்பி வந்து கலகத்தைக் கொடூரமாக அடக்கினான்.

விஜயபாகு இறந்தபின், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றுத் தமிழில் ஒரு கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். உயிரே போனாலும் கோயிலையும் அதன் ஊர்களையும் அண்டி வந்தவர்களையும் காப்போம் என்று, வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினரும் சேர்ந்து சொல்கிறார்கள். வரலாற்று நூல்களில் இவர்களைப் பெரும்பாலும் கூலிப்படை என்று குறிப்பிடுகிறார்கள். அந்தச் சொல் பொருந்தவில்லை. கூலி மட்டும்தான் கணக்கு என்றால் சோழநாட்டுக்குக் கப்பலேறியிருப்பார்கள். எந்த ஊர்க்காரனை வெட்டினாலும் கூலி ஒன்றுதான். யாரை வெட்டச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. மன்னன் பேசியது சிங்களமோ தமிழோ, அதன் பொருள் தெரிந்த காவலர்கள் அவர்கள்.